புற்றுநோய் ஆய்வாளரின் தாக்கத்தை எண்களால் அளக்க முடியுமா? மேற்கோள், கூட்டாய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் ஆய்வாளர்களின் மேற்கோள் கணக்கைத் தொகுத்துக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. பதவி உயர்வுக் காலத்திலும், ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ செய்தி நாளிதழில் வரும் வாரத்திலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வரிசையாக வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் புற்றுநோய்த் துறையிலிருந்து. எனக்கு அதிகம் பழக்கமான துறை அதுதான்; எண்கள் ஆளை ஏமாற்றுகிற விதங்கள் எல்லாமே அங்கே கிடைக்கும்.

மேற்கோள் என்றால் என்ன? இதை யார் எண்ணத் தொடங்கினார்கள்?

ஒரு ஆய்வுக்கட்டுரையின் கடைசியில் இன்னொரு கட்டுரையைக் குறிப்பிட்டால், குறிப்பிடப்பட்ட கட்டுரைக்கு ஒரு மேற்கோள். துறையில் எல்லோரும் சைட்டேஷன் என்றுதான் சொல்வார்கள். இவற்றை முறையாகத் தொகுக்கலாம் என்று 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியவர் யூஜீன் கார்ஃபீல்ட். பிறகு பிலடெல்ஃபியாவில் அவர் நடத்திய நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வாரிசு.

கார்ஃபீல்ட் முதலில் நினைத்தது தேடும் கருவி ஒன்றை. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதை யார் யார் பின்னால் பயன்படுத்தினார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிப்போகலாம். ஆட்களுக்கு மார்க் போடுவது பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எச் இன்டெக்ஸை எப்படிக் கணக்கிடுவது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த கணக்கு இது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். மேற்கோள் எண்ணிக்கை தன் வரிசை எண்ணைவிடக் குறையாத கடைசிக் கட்டுரை எதுவோ, அதன் வரிசை எண்தான் எச். ஒருவரிடம் பத்துக் கட்டுரைகள், அவற்றுக்கு 120, 48, 30, 22, 9, 7, 6, 3, 1, 0 மேற்கோள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது கட்டுரைக்கு 7 இருக்கிறது, சரி. ஏழாவதற்கு 6தான். அங்கே நின்றுவிடும். அவருடைய எச் இன்டெக்ஸ் 6.

இப்போது அந்த முதல் கட்டுரைக்கு 120க்குப் பதிலாக 12,000 மேற்கோள் என்று மாற்றிப் பாருங்கள். எச் அப்போதும் 6தான். ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தவரை இந்த எண் கண்டுகொள்ளாது. சராசரியை எடுத்தால் நேர்மாறு: மேலே சொன்ன பட்டியலின் சராசரி 24.6, ஆனால் நடுமதிப்பு 8. ஒரு கட்டுரை மற்ற ஒன்பதையும் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே யாராவது ‘சராசரி மேற்கோள்’ என்று சொன்னால் முழுப் பட்டியலையும் கேளுங்கள்.

ஒருவருக்கு எச் 40, இன்னொருவருக்கு 15. முதலாமவர்தானே பெரிய ஆய்வாளர்?

இருவரின் வயதையும் துறையையும் சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. எச் இன்டெக்ஸ் ஏறும், இறங்காது. ஓய்வு பெற்று பேரக்குழந்தைகளோடு இருப்பவருக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். மார்பகப் புற்றுநோயின் மரபணுக்களை ஆராய்பவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து மேற்கோள் காட்டுகிறார்கள். அரிதான ஒரு குழந்தைப் புற்றுநோயில் வேலை செய்பவரைப் படிக்க ஆளே கொஞ்சம். எட்டு ஆண்டு அனுபவத்தில் 15 என்பது சில உட்பிரிவுகளில் மிக நல்ல எண்.

புற்றுநோய்த் துறையில் எந்த மாதிரிக் கட்டுரைக்கு மேற்கோள் குவியும்?

கருவிகளுக்கும் புள்ளிவிவரங்களுக்கும்.

நோயாளிகள் எத்தனை காலம் உயிருடன் இருந்தார்கள் என்பதைப் படிக்கட்டு மாதிரி இறங்கும் கோடாக வரைவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் காப்லன்-மேயர் வளைவு. எட்வர்ட் காப்லனும் பால் மேயரும் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்து, ஒரே இதழுக்கு அனுப்ப, இருவரையும் சேர்த்து எழுதச் சொல்லி 1958இல் ஒரே கட்டுரையாக வந்தது. ‘நேச்சர்’ 2014இல் வெளியிட்ட, எல்லாக் காலத்திலும் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளின் பட்டியலில் அதற்கு 11ஆவது இடம். புற்றுநோய் மருந்துச் சோதனை எதை எடுத்தாலும் இந்த வளைவு இருக்கும். எழுதிய இருவருமோ புற்றுநோய் ஆய்வாளர்கள் அல்லர்.

அப்புறம் புள்ளிவிவரம். உலகில் ஒரு ஆண்டில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது, எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற மதிப்பீட்டை, பிரான்ஸின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோபோகேன் என்ற பெயரில் தொகுக்கிறது. புற்றுநோய் பற்றி எழுதுகிற யாரும் முதல் பத்தியில் ‘ஆண்டுதோறும் இத்தனை லட்சம் பேர்’ என்று ஆரம்பித்து, இந்தக் கட்டுரையைச் சுட்டிவிட்டுத்தான் தம் விஷயத்துக்கு வருவார்கள். இந்த மதிப்பீட்டுக் கட்டுரைகளும், அமெரிக்காவுக்கான ஆண்டுக் கணக்கும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஒரே இதழில் வருகின்றன. அதன் விளைவு, அந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் (முந்தைய இரு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு ஓர் ஆண்டில் சராசரியாகக் கிடைத்த மேற்கோள்) 2021இல் வெளியான பட்டியலில் 500ஐத் தாண்டியது. அதே இதழில் வந்த சாதாரணக் கட்டுரை ஒன்றுக்கு அந்த 500இல் எந்தப் பங்கும் இல்லை. ‘எந்த இதழில் வந்தது’ என்று மட்டும் பார்த்து ஆளை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உயிரணு உயிரியலாளர்கள் கூடிய மாநாட்டில் உருவான ‘டோரா’ பிரகடனம் இதைத்தான் வலியுறுத்துகிறது.

இவை இரண்டிலும் சேராத வகை ஒன்றும் உண்டு. டக்ளஸ் ஹனஹானும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000இல் ‘செல்’ இதழில், புற்றுநோய் செல்லுக்கு உரிய ஆறு அடையாளங்கள் என்று ஒரு சட்டகம் போட்டுக் கொடுத்தார்கள். 2011இல் அதை விரிவாக்கினார்கள். அவற்றில் புதிய சோதனை எதுவும் இல்லை. சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்திச் சிந்திக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணிக்கையிலும் உண்மையிலும் பெரிய தாக்கம் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடிய கட்டுரைகள் இவை.

கூகுள் ஸ்காலரில் ஒரு எண், ஸ்கோப்பஸில் வேறு எண் காட்டுகிறதே, எது சரி?

இரண்டும் சரி, எண்ணும் பரப்புதான் வேறு. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, அச்சுக்கு முந்தைய படி, கருத்தரங்கக் கட்டுரை என்று வலையில் சிக்கியதை எல்லாம் எண்ணும். பொதுவாக அங்கேதான் எண் அதிகம். ஸ்கோப்பஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ணும். இரண்டுக்கும் சந்தா கட்ட வேண்டும். சந்தா இல்லாத கல்லூரிகளுக்கு 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் இருக்கிறது, இலவசம். எந்த எண்ணைக் கொடுத்தாலும் எங்கிருந்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

என் பக்கத்தில் யாரோ ஒருவரின் கட்டுரைகள் சேர்ந்திருக்கின்றன. என்ன செய்வது?

தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களின் நிரந்தரத் தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து இன்ஷியலாக முன்னால் வரும். ஒரு இதழ் அந்த இன்ஷியலை விரிக்கச் சொல்லி, அப்பா பெயரையே குடும்பப் பெயராக்கிவிடும். இன்னொன்று இன்ஷியலைப் பின்னால் தள்ளும். திருமணத்துக்குப் பின் பெண்களுக்கு இன்ஷியலே மாறிப்போகும். ஒரே ஆள் தரவுத்தளத்தில் மூன்று ஆளாகச் சிதறியிருப்பார். இன்னொரு பக்கம், எஸ். குமார் என்று தேடினால் ஒரு தெருவே எழுந்து வரும். ஒரு பேராசிரியருக்குத் தொகுத்தபோது அவருடைய எச் இன்டெக்ஸ் முதலில் 31 என்று வந்தது. பட்டியலில் இருந்த பருத்திச் செடி, பாலம் கட்டுமானம் பற்றிய கட்டுரைகளை எல்லாம் நீக்கியதும் 12க்கு இறங்கிவிட்டது. மனிதர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தீர்வு, 2012 முதல் இருக்கும் ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண். இலவசம், பத்து நிமிட வேலை. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே எடுத்துவிடுங்கள். பெயரை எப்படி எழுதுவது என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிட்டு, பிறகு மாற்றாதீர்கள்.

மேற்கோளுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது? ஒரு கட்டுரையை வைத்துச் சொல்ல முடியுமா?

நம் ஊரிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு. லியோன் முகமையின் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவச் சமூக நல மையமும் சேர்ந்து நடத்தியது. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகக் கர்ப்பப்பை வாயில் தடவிவிட்டு, வெள்ளையாகத் தெரியும் இடம் இருக்கிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் வெறும் கண்ணால் பார்ப்பார். ஆய்வகம் வேண்டாம், ரிப்போர்ட்டுக்காக இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம்.

மாவட்டத்தில் 114 தொகுதிகளை எடுத்துக்கொண்டு, பாதியில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை. மறு பாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பரிசோதனைத் தொகுதிகளில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் வந்து பரிசோதித்துக்கொண்டார்கள். முடிவு 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்தது: பரிசோதனை நடந்த தொகுதிகளில் புதிதாக நோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைவு.

இந்தக் கட்டுரையைச் சுட்டுபவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். ‘ஏழை நாடுகளில் எளிய பரிசோதனைகள் உண்டு’ என்று ஒரு வரியில் கடந்துபோகிறவர்கள் ஒரு கூட்டம். முறையை எடுத்துத் தங்கள் நாட்டில் செய்து பார்த்தவர்கள் இன்னொரு கூட்டம். செலவுக் கணக்கு மாதிரி போடுகிறவர்கள் மூன்றாவது. 2009இல் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வு வெளியானபோது, இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனைதான் இறப்பை நன்றாகக் குறைத்தது, அசிட்டிக் அமில முறையில் அத்தகைய பலன் தெளிவாகத் தெரியவில்லை என்று வந்தது; அதற்கும் சங்கரநாராயணன்தான் முதல் ஆசிரியர். அதை ஒட்டி எழுந்த விவாதமும் திண்டுக்கல் கட்டுரையைச் சுட்டியது. ஒப்பீட்டுக் குழுப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் விட்டது அறமா என்று கேட்டவர்களும் சுட்டினார்கள். எண்ணும் கணினிக்கு இவை எல்லாம் தலா ஒன்று.

கணினிக்கு எட்டாத பக்கமும் உண்டு. 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் இந்த முறை இடம்பெற்றது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பெண்களுக்கு இதைச் செய்தார்கள். 2021 வழிகாட்டுதல் வைரஸ் பரிசோதனையை முதல் தேர்வாக்கியதால் இதன் இடம் இப்போது மாறிவருகிறது. ஆனாலும் நத்தத்திலோ வேடசந்தூரிலோ பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணோ, பயிற்சி எடுத்த செவிலியரோ எந்தத் தரவுத்தளத்திலும் மேற்கோளாகப் பதிவாவதில்லை. என்னிடம் ஒருவரின் தாக்கத்தை எழுதித் தரச் சொன்னால், நான் முதலில் தேடுவது வழிகாட்டுதல்களில் அவர் கட்டுரை இருக்கிறதா என்பதைத்தான். மெனக்கெட வேண்டும், ஆனால் எச் இன்டெக்ஸைவிட அது அதிகம் சொல்லும்.

தப்பு என்று சொல்லிச் சுட்டினாலும் மேற்கோள் கூடுமா?

கூடும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்குக்கூட மேற்கோள் வந்துகொண்டிருக்கும்.

2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, கட்டியின் மரபணுச் செயல்பாட்டை வைத்தே எந்தக் கீமோ மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதியது. பெரிய பரபரப்பு, மேற்கோள் குவிந்தது, நோயாளிகளை வைத்துச் சோதனைகளும் தொடங்கின. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் தரவைத் தோண்டியபோது, வரிசைகள் ஒரு இடம் தள்ளிப்போயிருந்தன, அடையாளங்கள் மாறியிருந்தன. அவர்கள் 2009இல் இதை வெளியிட்டார்கள். அதுவும் புற்றுநோய் இதழில் அல்ல, புள்ளியியல் இதழில். 2011இல் மூலக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நோயாளிகளுக்கு அதிக நன்மை செய்தது எந்தக் கட்டுரை என்று மேற்கோள் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியுமா என்று நீங்களே பாருங்கள்.

துறைக்குத் துறை உள்ள வித்தியாசத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016இல் அறிமுகப்படுத்திய ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் எனக்குப் பிடித்தது. ஒரு கட்டுரையோடு சேர்ந்து எவையெல்லாம் மேற்கோள் காட்டப்படுகின்றனவோ அவற்றையே அதன் ‘துறை’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்தத் துறையில் வழக்கமாக வரும் மேற்கோளோடு ஒப்பிடுகிறது. 1.0 என்றால் அந்த நிறுவனங்களின் நிதியுதவியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்புக்குச் சமம். ஐசைட் என்ற இணையதளத்தில், பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் கட்டுரைக்குத் தந்திருக்கும் எண்ணைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். புதிய கட்டுரைக்கு இது சரியாக வராது, ஓரிரு ஆண்டு ஆற விடுங்கள். ஸ்கோப்பஸ் பக்கத்தில் இதே மாதிரி வேறொரு விகிதம் உண்டு, அங்கே 1.00 என்பது உலகச் சராசரி.

ஆசிரியர் வரிசையில் இடம் முக்கியமா?

புற்றுநோய் உள்ளிட்ட மருத்துவ ஆய்வில் மிகவும் முக்கியம். பொதுவாக, முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வை வழிநடத்தியவர். நடுவில் இருப்பவர் யார், என்ன செய்தார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். எச் இன்டெக்ஸ் மூவரையும் ஒரே தட்டில் வைக்கும். ஆகவே முதல், கடைசி, தொடர்பு ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளைத் தனியாக எண்ணிக் கொடுப்பது என் வழக்கம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியராகப் பெயர் போட நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. நான்கையும் நிறைவேற்ற வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது அவற்றில் எதிலும் வராது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்த கட்டுரையிலும் பெயர் இருக்கும்.

கூட்டாய்வை எப்படி அளக்கிறார்கள்?

எளிய வழி, ஒருவரோடு சேர்ந்து எழுதியவர்கள் எத்தனை பேர், எத்தனை நிறுவனம், எத்தனை நாடு என்று எண்ணுவது. அடுத்த படி வலைப்படம்: ஒவ்வோர் ஆளும் ஒரு புள்ளி, சேர்ந்து எழுதினால் ஒரு கோடு. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய வாஸ்வியூவர் இதற்கு இலவச மென்பொருள்.

படம் வரைந்ததும் கோடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். யார் பாலமாக இருக்கிறார் என்று தேடுங்கள். ஓர் ஆய்வாளருக்கு 200 கூட்டாளிகள் இருக்கலாம், ஆனால் அத்தனை பேரும் ஒரே கட்டடத்தில். இன்னொருவருக்கு 25 பேர்தான். ஆனால் ஒரு பக்கம் நோய்க்குறியியல் ஆட்கள், மறுபக்கம் புள்ளியியல் ஆட்கள், இவரை எடுத்துவிட்டால் இரு கூட்டத்துக்கும் தொடர்பே இல்லை. வலைப்பின்னல் கணக்கில் இதற்கு இடைநிலை மையத்தன்மை என்று பெயர். புற்றுநோய் ஆய்வில் அறுவைசிகிச்சை, கதிர்வீச்சு, மரபணு, புள்ளிவிவரம் எல்லாம் ஒன்றுசேராமல் காரியம் நடக்காது. இந்தப் பால மனிதர்கள் இல்லாவிட்டால் ஒன்றுசேரவும் மாட்டார்கள்.

படத்தில் தெரியாததையும் கேளுங்கள். வெளிநாட்டுக் கூட்டு என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் முதல் பெயரும் கடைசிப் பெயரும் எப்போதும் அங்கிருந்து, நடுவில் இரண்டு பெயர் இங்கிருந்து. இங்கிருந்து திசு மாதிரி மட்டும் போயிருக்கிறது.

ஆயிரம் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை இருந்தால்?

வலைப்படம் கெட்டுப்போகும். 1,000 ஆசிரியர் உள்ள ஒரே கட்டுரை 4,99,500 கோடுகளை உருவாக்கும். அவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

இது கற்பனை இல்லை. 2020 பிப்ரவரியில் ‘நேச்சர்’ வெளியிட்ட முழு மரபணுத்தொகுதி ஆய்வு 38 வகைக் கட்டிகளிலிருந்து 2,658 மரபணுத்தொகுதிகளை அலசியது; 37 நாடுகளிலிருந்து 1,300க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். மகத்தான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு தனி ஆளின் கணக்கில் அதை அப்படியே சேர்த்தால் மற்றதெல்லாம் மறைந்துவிடும். மார்க் நியூமன் 2001இல் சொன்ன வழி நன்றாக வேலை செய்யும்: கட்டுரையில் எத்தனை பேரோ அதில் ஒன்றைக் கழித்து, அந்த எண்ணால் கோட்டின் கனத்தை வகுத்துவிடுங்கள். இரண்டு பேர் எழுதியதில் கோட்டுக்குக் கனம் 1. ஆயிரம் பேர் எழுதியதில் 999இல் ஒரு பங்கு. நான் இதைவிடச் சோம்பேறியான வழியையும் செய்வதுண்டு: பெரிய கூட்டமைப்புக் கட்டுரைகளைத் தனிப் பட்டியலாகப் பிரித்து, அதில் இவர் செய்தது என்ன என்று அவரையே இரண்டு வரி எழுதச் சொல்லிவிடுவேன்.

ஆசிரியர் பட்டியலிலேயே இல்லாதவரின் பங்கை எப்படி அளப்பது?

எல்லாப்ரகட சுப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். 1925இல் சைரஸ் ஃபிஸ்கேயோடு அவர் எழுதிய பாஸ்பரஸ் அளக்கும் முறை, உயிர்வேதியியல் ஆய்வகங்களில் பல தலைமுறை பயன்படுத்திய ஒன்று, மேற்கோளும் ஏராளம். அதாவது அவருக்கு எண்ணிக்கையைத் தேடித் தந்தது ஒரு கருவிதான், காப்லன்-மேயர் மாதிரியே.

புற்றுநோய்க்கு அவர் செய்தது வேறு. லெடர்லி மருந்து நிறுவனத்தில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் சேர்மங்களை உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினாப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஜூனில் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் ஐந்து பேர், அதில் சுப்பாராவ் இல்லை. அந்த ஆகஸ்டிலேயே அவர் இறந்துபோனார். அந்த மருந்தின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் நம் மருந்துக்கடைகளில் இருக்கிறது. கூட்டாசிரியர் வலைப்படம் போட்டால் ஃபார்பருக்கும் சுப்பாராவுக்கும் நடுவே இந்தக் கட்டுரை ஒரு கோடும் போடாது.

‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலை நம்பலாமா?

நாளிதழில் வரும் அளவுக்கு வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் தரவை வைத்துத் தயாரிக்கிறது. ஆறு அளவுகளைக் கலந்து ஒரு மதிப்பெண். அதில் முதல், கடைசி ஆசிரியராக இருந்ததற்கும் இடம் உண்டு. வாழ்நாள் முழுமைக்கும் ஒரு பட்டியல், ஒரே ஆண்டுக்கு ஒரு பட்டியல். செய்தியில் வருவது எது என்று கேளுங்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வதை நீக்கிய எண்ணும் அந்தக் கோப்பிலேயே இருக்கிறது. இரண்டு எண்ணுக்கும் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தால் கட்டுரைகளைத் திறந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் தற்சுட்டல் இயல்பு. இருபது ஆண்டாக ஒரே புற்றுநோயைத் தொடர்ந்து ஆராய்பவர் தன் முந்தைய வேலையைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்?

நிறைய மேற்கோள் இருந்தால் முடிவு நம்பகமானது என்று அர்த்தமா?

இல்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தில் இருந்தபோது தங்கள் ஆட்கள் 53 முக்கியமான புற்றுநோய் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்ததாகவும், ஆறை மட்டுமே உறுதிப்படுத்த முடிந்ததாகவும் க்ளென் பெக்லி 2012இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். எந்த 53 என்று வெளியிடவில்லை, அது ஒரு குறைதான். பிறகு திறந்த முறையில் நடந்த பெரிய முயற்சி ஒன்று, 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்டு, 23 கட்டுரைகளிலிருந்து 50ஐ மட்டுமே முடிக்க முடிந்தது என்று 2021இல் அறிவித்தது. கிடைத்த விளைவின் அளவு, மூலத்தில் சொன்னதைவிட நடுமதிப்பில் 85 சதவீதம் சிறியது.

இப்போது மேற்கோளே இல்லாத வேலைக்குப் பின்னால் மதிப்பு வருமா?

வரலாம். கோழிக் கட்டியை அரைத்து, செல் எதுவும் போகாதபடி வடிகட்டி, அந்தச் சாற்றால் வேறு கோழிக்குப் புற்று வரவைத்துக் காட்டினார் பெய்டன் ரௌஸ், 1911இல். அதற்கு நோபல் பரிசு வந்தபோது 1966, அவருக்கு வயது 87.

எண்ணிக்கையில் சிக்காத பெரிய ஆட்கள் இருக்கிறார்களா?

அடையாறில் ஒருவர் இருந்தார். டாக்டர் சாந்தா 1955இல் புற்றுநோய் நிறுவனத்தில் சேர்ந்து, 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தைவிட்டுப் போகவில்லை. ஆய்வும் எழுதினார், மேற்கோளும் உண்டு. ஆனால் அவருடைய காலத்தில் அங்கே வேரூன்றிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து, நகரத்தில் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்று மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், இறப்புப் பதிவு அலுவலகங்களிலும் தேடி எழுதும் வேலை. இந்தியாவுக்கான உலக மதிப்பீடுகளுக்கு இந்த மாதிரிப் பதிவேடுகள்தான் அடிப்படை. மேலே சொன்ன குளோபோகேன் கட்டுரைக்குக் குவிகிற மேற்கோள்களில், பதிவேட்டில் நோட்டுப்புத்தகத்தோடு அலைந்தவர்களுக்கு எத்தனை போய்ச்சேரும்? பூஜ்யம்.

அப்பாவுக்குப் புற்றுநோய். எச் இன்டெக்ஸ் அதிகம் உள்ள மருத்துவரிடம் போகலாமா?

அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த எண், சக ஆய்வாளர்கள் எத்தனை பேர் அவரைச் சுட்டினார்கள் என்பதைச் சொல்கிறது. அவர் கை எப்படி, நேரம் ஒதுக்கிப் பேசுவாரா என்பதைச் சொல்லாது. அந்த மருத்துவமனையில் இந்த வகைக் கட்டிக்கு ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் சிகிச்சை தருகிறார்கள், அறுவைசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்களா என்று கேளுங்கள். மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால் மட்டும், அந்தச் சோதனை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள், யாரும் பார்க்கலாம்.

நீங்கள் ஒருவருக்குத் தொகுத்துக் கொடுத்தால் அதில் என்னென்ன இருக்கும்?

ஒரு பக்கம்தான். மேலே, அவரே தேர்ந்தெடுத்த ஐந்து கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் அவர் பங்கு என்ன என்று இரண்டு வரி. அவற்றின் ஒப்பீட்டு விகிதம். வழிகாட்டுதலிலோ அரசுத் திட்டத்திலோ இடம்பெற்றிருந்தால் அது. முதல், கடைசி ஆசிரியராக எத்தனை. கூட்டாய்வு வலைப்படம், பெரிய கூட்டமைப்புகளை நீக்கி. எச் இன்டெக்ஸ் கடைசி வரியில், எடுத்த இடமும் தேதியும் போட்டு. குழுவில் யாராவது கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு ‘அவ்வளவுதானா?’ என்று கேட்பார். அப்போது தாளைத் திருப்பி மேலிருந்து காட்டுவேன்.